யோசெமிட்டி அருவி ஆகஸ்டில் ஏன் வறள்கிறது?

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு விதமான படங்கள் சுற்றி வரும். மே மாதத்துப் படத்தில் மலைச்சுவரின் உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று அருவி கொட்டும். ஆகஸ்ட் மாதத்துப் படத்தில் அதே சுவரில் கறுத்த ஈரக்கறை மட்டும் இருக்கும். இரண்டாவது படத்தோடு, பருவநிலை மாற்றத்தால் உலகப்புகழ் அருவி வறண்டுவிட்டது என்று ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வரும். சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது நேரிலேயே பழக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடை விடுமுறையில் நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய் இறங்கினால், அருவி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாறை நிற்கும்.

அருவி செத்துவிட்டதா என்றால், இல்லை. ஆகஸ்டில் வறள்வது அதன் வழக்கம்தான். சரி, அப்படியானால் பருவநிலை மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது ஆகஸ்ட் படத்தில் தெரியாது. எது வழக்கம், எது மாற்றம் என்று பிரித்துப் பார்க்க, அந்த அருவி எந்தப் பாறையில் நிற்கிறது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அளவு

சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் தரை இருக்கிறது. அதன் நடுவே மெர்செட் ஆறு ஓடுகிறது. வடக்குச் சுவரின் மேலிருந்து யோசெமிட்டி ஓடை மூன்று கட்டங்களாகக் கீழே இறங்குகிறது.

1. மேல் அருவி: 436 மீட்டர். ஒரே பாய்ச்சலாக விழுவது இதுதான்.
2. நடுப்பகுதி: 206 மீட்டர். பாறை இடுக்குக்குள் சின்னச் சின்னத் தாவல்களாக ஓடுவது. பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் பெரும்பகுதி கண்ணுக்குப் படாது.
3. கீழ் அருவி: 97 மீட்டர். பயணிகள் நடந்துபோய் நனைவது இங்கே.

மொத்தம் 739 மீட்டர். வட அமெரிக்காவின் மிக உயர்ந்த அருவிகளில் ஒன்று என்று பலகைகளிலும் பட்டியல்களிலும் வருவது இந்தக் கூட்டுத்தொகைதான். நடுவிலுள்ள 206 மீட்டரை அருவி என்பதைவிட வேகமான ஓடை என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. உயரப் பட்டியல்களில் பாதிச் சண்டை இப்படி எதைக் கூட்டுவது, எதை விடுவது என்பதில்தான் வருகிறது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். மேல் அருவி ஒன்றே போதுமான அளவுக்கு உயரம்.

பாறை: விரிசல்தான் சிற்பி

யோசெமிட்டியின் சுவர்கள் கிரானைட் வகைப் பாறைகள். டைனோசர்கள் இருந்த காலத்தில், பசிபிக் பக்கத்துக் கடற்தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் சரிந்து புகுந்துகொண்டிருந்தது. அப்போது உருகிய பாறைக்குழம்பு மேலே ஏறியது. அதில் ஒரு பகுதி எரிமலைகளாக வெடித்தது. பெரும்பகுதி வெளியே வராமல், நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, தவணை தவணையாக இது நடந்தது. அப்புறம் மேலே இருந்த எரிமலைகளும் மண்ணும் அரித்துப் போய், மலைத்தொடரும் உயர்ந்து, அடியில் கிடந்த கிரானைட் வெளியே வந்தது.

கிரானைட் கெட்டியான கல் என்பது எல்லாருக்கும் தெரியும். அது எப்படி உடைகிறது என்பதில்தான் இந்த இடத்தின் ரகசியம் இருக்கிறது. மணற்கல்லைப்போல் அது பொடிப்பொடியாகக் கரைவதில்லை. ஏற்கெனவே உள்ள விரிசலில்தான் உடையும். இங்கே இரண்டு வகை விரிசல்கள் முக்கியம்.

முதலாவது, செங்குத்தான நேர்விரிசல்கள். இவை நெருக்கமாக உள்ள இடத்தில் பாறை கட்டி கட்டியாகப் பெயர்ந்து பள்ளமாகும். விரிசல்கள் அரிதாக உள்ள இடத்தில் எல் கேபிட்டன் போன்ற ஒரே கல் சுவர் நிற்கும். யோசெமிட்டியின் சுவர்கள் எங்கே நிற்கின்றன, எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த விரிசல்களே தீர்மானித்திருக்கின்றன.

இரண்டாவது, உரிதல். பல கிலோமீட்டர் பாறைப் பாரத்தின் கீழ் அமுங்கிக் கிடந்த கல், மேலே இருந்த பாரம் நீங்கியதும் விரிய முயல்கிறது. அப்போது மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. இங்குள்ள வட்டக் குவிமாடங்களுக்கு அதுவே காரணம். பாறைச் சரிவுகளுக்கும் அதுவே காரணம். அப்படிப் பாதி உரிந்து நிற்கும் 19 மீட்டர் உயரத் தகடு ஒன்றில் கருவிகளைப் பொருத்தி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அளந்தார்கள். பகல் வெயிலில் அது சுவரைவிட்டு ஒரு சென்டிமீட்டர் வரை விலகுகிறது. இரவுக் குளிரில் திரும்ப ஒட்டுகிறது. தினமும் இப்படி அசைந்து அசைந்து விரிசல் நீள்கிறது என்று 2016இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். மழையோ நிலநடுக்கமோ இல்லாத பளிச்சென்ற வெயில் நாளிலும் இங்கே பாறை விழுவதற்கு இது ஒரு விளக்கம். 1980 நவம்பரில் மேல் அருவிக்குப் போகும் நடைபாதையிலேயே பாறை சரிந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள்.

பனியாறு என்ன செய்தது

பனியாறு என்றால் வெண்பனி ஆண்டுக்கணக்கில் குவிந்து, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகி, சரிவில் மெல்ல நகர்வது. யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பனியாறு செதுக்கியதா என்பதே 19ஆம் நூற்றாண்டில் பெரிய வாக்குவாதம். கலிபோர்னியாவின் அரசுப் புவியியலாளராக இருந்த ஜோசையா விட்னி, தரை அப்படியே கீழே இறங்கிவிட்டது என்றார். பள்ளத்தாக்கில் மர அறுவை மில்லில் வேலை பார்த்துக்கொண்டு மலையெல்லாம் சுற்றிய ஜான் மியூர், பனியாறுதான் என்றார். ஆடு மேய்ப்பவனுக்கு என்ன தெரியும் என்கிற தொனியில் விட்னி தரப்பு அதைத் தள்ளியது. 1930இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்துக்காக பிரான்சுவா மாத்தேஸ் வெளியிட்ட விரிவான ஆய்வு வழக்கை முடித்து வைத்தது: ஆறும் பனியாறும் சேர்ந்து செய்த வேலை. மியூர் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பேசியிருந்தாலும், அடிப்படையில் அவர் சொன்னதே சரி.

ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த ஷெர்வின் பனிக்காலத்தில் பள்ளத்தாக்கு விளிம்பு வரை பனிக்கட்டியால் நிரம்பியிருந்தது. ஆழப்படுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்தது அதுதான். கடைசியாக வந்த தியோகா பனிக்காலம், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது, அந்த அளவுக்கு வலுவானதாக இல்லை. அதன் பனிக்கட்டி சுவரின் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை. பிரைடல்வெயில் அருவிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்று தட்டையாகத் தெரியும் தரையும் உண்மையான அடித்தளம் அல்ல. ஏரி வண்டலும் ஆற்று மண்ணும் நிரப்பிய மேல்பரப்பு அது. அசல் பாறை சில இடங்களில் 600 மீட்டர் கீழே கிடக்கிறது.

இனி அருவிக்கு வருவோம். பெரிய பள்ளத்தாக்கில் தடித்த பனியாறு, பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்கில் மெல்லிய பனியாறு. பெரியது ஆழமாகத் தோண்டும். சின்னது அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. பனி உருகி முடிந்ததும் கிளைப் பள்ளத்தாக்கின் வாய் அந்தரத்தில் திறந்து நிற்கும். இதைத் தொங்கு பள்ளத்தாக்கு என்கிறோம். அதிலிருந்து வரும் ஓடை விழுந்துதான் ஆக வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் லாட்டர்புருன்னன், நார்வேயின் கடற்கால்வாய்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

யோசெமிட்டி அருவியில் மட்டும் கூடுதலாக ஒரு திருப்பம் உண்டு. மேல் அருவி விழும் விளிம்பைக் கவனித்தால், ஓடை அங்கே பாறையை ஆழமாக வெட்டவே இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடியிருந்தால் பெரிய வெட்டு விழுந்திருக்க வேண்டும். அருவிக்குச் சற்று மேற்கே ஒரு செங்குத்தான பாறைச் சந்து இருக்கிறது. மேலே ஏறும் நடைபாதை வளைந்து வளைந்து போவது அதன் வழியாகத்தான். யோசெமிட்டி ஓடை முன்பு அந்தச் சந்து வழியாகவே தாவித் தாவி இறங்கிக்கொண்டிருந்தது. பனியாறு தள்ளிக் குவித்த கல்மண் மேடு ஒன்று அந்த வழியை அடைத்து, ஓடையைக் கிழக்கே சுவர் விளிம்புக்குத் திருப்பிவிட்டது என்று புவியியலாளர்கள் விளக்குகிறார்கள். உலகமே படம் பிடிக்கும் அருவி, வழி மாறிய ஒரு ஓடை. மலையின் வயதோடு ஒப்பிட்டால் நேற்று வந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான்.

யோசெமிட்டி ஓடைக்குப் பனியாறு எதுவும் இல்லை. அடிப்பகுதி ஊற்றுகளும் பெரிதாக இல்லை. அது தொடங்குவது ஹாஃப்மன் மலைப் பக்கத்துச் சிறு ஏரிகளில். அந்த மலையின் உச்சி சுமார் 3,300 மீட்டர். அங்கிருந்து அருவியின் விளிம்பு வரை, அதாவது சுமார் 2,000 மீட்டர் உயரம் வரை, வடிநிலத்தின் (ஓடைக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பின்) பெரும்பகுதி பனியாறு வழித்துத் துடைத்துப் போட்ட வெற்றுக் கிரானைட். மண் இருக்கும் இடத்திலும் கனம் குறைவு. மொட்டைமாடியில் பெய்த மழை மாதிரி, விழுந்த நீர் நிற்காமல் ஓடிவிடும்.

கலிபோர்னியாவில் மழையும் பனியும் பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வந்துவிடும். கோடை கிட்டத்தட்ட வறட்சி. அவ்வப்போது மலை உச்சியில் ஒரு பிற்பகல் இடிமழை, அவ்வளவுதான். ஆக, குளிர்காலத்தில் விழுந்த வெண்பனி ஒன்றுதான் இந்த ஓடையின் கையிருப்பு. ஏப்ரலில் உருகத் தொடங்கும். மே கடைசி வாக்கில் அருவி உச்சத்தில் இருக்கும். ஜூன் முழுக்கக் குறைந்துகொண்டே வரும். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ கையிருப்பு தீர்ந்து நூலிழையாகும்; பல ஆண்டுகளில் முழுக்க நின்றுவிடும். இலையுதிர்காலப் புயல்மழை வந்ததும் மறுபடி ஓடும்.

உருகல் மே மாதத்தில் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். உச்சிவெயிலில் மேலே உருகும் பனி கீழே வந்து சேர மணிக்கணக்காகும். பள்ளத்தாக்கின் மேல்முனையில் ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் 1915 முதல் மெர்செட் ஆற்றை அளந்து வருகிறார்கள். உருகல் பருவத்தில் அங்கே நீர்மட்டம் உச்சம் தொடுவது நள்ளிரவை ஒட்டி. கூடாரத்தில் படுத்திருப்பவர்களுக்கு, பகலைவிட ராத்திரியில் ஆற்றுச் சத்தம் கூடுவதன் காரணம் இது.

சரி, பக்கத்திலேயே உள்ள மற்ற அருவிகள் ஏன் வறள்வதில்லை?

நெவாடா அருவியும் (181 மீட்டர்) வெர்னல் அருவியும் (97 மீட்டர்) மெர்செட் ஆற்றின் மேலேயே இருக்கின்றன. அந்த ஆறு 4,000 மீட்டரை நெருங்கும் லயல் மலை வட்டாரத்திலிருந்து வருகிறது. அவ்வளவு உயரத்தில் பனி மெதுவாக, கோடை முழுக்க உருகும். வழியில் ஏரிகளும் புல்வெளிகளும் உண்டு. ஆகவே ஆண்டு முழுக்க ஓடுகின்றன.

பிரைடல்வெயில் (சுமார் 189 மீட்டர்) இன்னும் சுவாரசியமானது. அதன் வடிநிலம் யோசெமிட்டி ஓடையைவிட உயரம் குறைவு. உயரம்தான் எல்லாம் என்றால் அது முதலில் வறள வேண்டும். வறள்வதில்லை. அந்த வடிநிலத்தின் பெரும்பகுதியைக் கடைசிப் பனிக்காலங்கள் வழித்தெடுக்கவில்லை. அதனால் அங்கே ஆழமான மண் இருக்கிறது, காடு இருக்கிறது, ஈரப் புல்வெளிகள் இருக்கின்றன. உருகிய நீர் மண்ணுக்குள் இறங்கி, செப்டம்பரிலும் கசிந்து வருகிறது.

ஒரே பள்ளத்தாக்கு, ஒரே குளிர்காலம், மூன்று வேறு முடிவுகள். அருவியின் ஆயுளை அதன் உயரமோ புகழோ தீர்மானிப்பதில்லை. அதற்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், நீரைப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. பயணக் கையேடுகள் இதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் உயரத்தை மட்டும் அச்சிடுவது எனக்கு எப்போதும் வியப்பு.

குளிர்காலத்தில் நடப்பது

டிசம்பர் முதல் மார்ச் வரை மேல் அருவியின் சாரல் பறக்கும்போதே உறையும். இரவில் சுவரில் ஒட்டிய பனிக்கட்டி காலை வெயிலில் பிளந்து, பீரங்கி வெடிப்பதுபோன்ற சத்தத்தோடு விழும். இவையெல்லாம் அருவியின் அடியில் குவிந்து ஒரு பனிக்கூம்பு உருவாகிறது. நல்ல குளிர்காலத்தில் 60 முதல் 90 மீட்டர் உயரம் வரை வளரும். உச்சியில் அருவி விழுந்து துளைத்த பள்ளமும் இருக்கும்.

குளிர் விடும் மார்ச், ஏப்ரல் விடியற்காலைகளில் இன்னொன்று நடக்கும். சாரல் நுண்ணிய பனித் துகள்களாக உறைந்து ஓடை நீரோடு கலந்து, நீரும் கட்டியும் இல்லாத ஒரு குழம்பாகிறது. ஓடை ஓடிக்கொண்டிருந்த இடத்தில் வெள்ளைக் கூழ் ஒன்று எரிமலைக் குழம்பின் வேகத்தில் நகரும். சில நிமிடங்களில் ஓடையின் வாய்க்கால் அடைபட்டு, கூழ் கரையைத் தாண்டி, நடைபாலத்தையும் மூடும். வேறு திசையில் புது வழி தேடும். காணொளிகளில் இதைப் பனிச்சரிவு என்று எழுதுகிறார்கள். அது தவறு, சரிவில் விழுந்த பனி இது அல்ல, ஓடையே உறைந்து நகர்வது. மேலே பார்க்கக் கெட்டித் தரைபோல் இருக்கும். காலை வைத்தால் உள்ளே போய்விடும்.

சாரலில் வாழ்பவை

கோடையில் காய்ந்து கிடக்கும் சியரா மலையில், அருவி ஓரம் ஒரு சிறு ஈரத் தீவு. பாசியும் பெரணியும் சாரல் எட்டும் எல்லை வரை பச்சையாக இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் உலர்ந்த ஓக் மரங்களும் புதரும்.

அமெரிக்க டிப்பர் என்ற சாம்பல் நிறக் குருவி அருவியின் திவலைக்குள்ளேயே பாசியால் கூடு கட்டும். நீந்துவதற்கேற்ற சவ்வுக் கால்கள் அதற்குக் கிடையாது. ஆனாலும் ஓடும் நீருக்குள் மூழ்கி, அடியில் கற்களைப் பற்றி நடந்து, பூச்சிப் புழுக்களைப் பொறுக்கும். கரும் உழவாரன் அருவிக்குப் பின்னுள்ள ஈரப்பாறையில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். அந்த இனத்தில் கொலராடோவில் பிடித்துக் கருவி கட்டிவிட்ட பறவைகள், குளிர்காலத்தைப் பிரேசிலின் அமேசான் காட்டில் கழித்துவிட்டுத் திரும்பியது சில ஆண்டுகளுக்கு முன்தான் தெரியவந்தது.

எல்லாவற்றிலும் விநோதமானது லயல் மலை சாலமாண்டர். இதற்கு நுரையீரல் கிடையாது. தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சில்லை. அதனால் பனி உருகிக் கசியும் உயரமான பாறை இடுக்குகளிலும், சாரல் அடிக்கும் பாறைகளிலும்தான் வாழ முடியும். தட்டையான உடல், சவ்வு பிடித்த விரல்கள். வழுக்குப் பாறையில் ஏறும்போது வாலை ஐந்தாவது காலாக ஊன்றிக்கொள்ளும். ஆபத்து வந்தால் சுருண்டு சரிவில் உருண்டு தப்பிக்கும். 1915இல் பெர்க்லி பல்கலைக்கழக விலங்கியல் குழு லயல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் எலிப்பொறி வைத்தபோது, எலிக்குப் பதிலாக இது அகப்பட்டது. அப்படித்தான் அறிவியலுக்கு அறிமுகமானது.

அருவிக்கு மேலே: மீன் இல்லாத ஏரிகள்

அருவி பார்க்க மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது ஒரு வேலியாகவும் இருந்திருக்கிறது. கடைசிப் பனிக்காலம் முடிந்தபின் கீழிருந்து மீன்கள் மேலேறி வர முயன்றிருக்கும். செங்குத்துச் சுவரில் எந்த மீன் ஏறும்? அதனால் யோசெமிட்டியின் உயரமான ஏரிகள் எதிலும் இயற்கையாக மீன் கிடையாது.

மீன் இல்லாத அந்த ஏரிகளில் செழித்தது சியரா நெவாடா மஞ்சள்கால் தவளை. உயரத்தில் கோடை குறுகியது. ஒரே கோடையில் தலைப்பிரட்டை தவளையாகிவிட முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் தலைப்பிரட்டையாகவே நீரில் இருக்க வேண்டும். வற்றாத, அடிவரை உறையாத, மீனில்லாத ஏரி வேண்டும். மூன்றும் இங்கே இருந்தன.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, தூண்டில் போடுபவர்களுக்காக டிரவுட் மீன் குஞ்சுகளை ஏரிகளில் விட ஆரம்பித்தார்கள். முதலில் கழுதை முதுகில் ஏற்றிப் போய், பிற்பாடு விமானத்திலிருந்து கொட்டி. யோசெமிட்டியில் இது 1991 வரை நடந்தது. தலைப்பிரட்டைகளை டிரவுட் தின்றது. போதாக்குறைக்குத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை வந்தது. ஒரு காலத்தில் மலைத்தொடர் முழுக்கக் காலடியில் தாவிய தவளை, தன் பழைய வாழிடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இல்லாமல் போய், 2014இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. பூங்கா ஊழியர்கள் சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை அகற்றினார்கள். பூஞ்சையைத் தாங்கி மீண்டு வந்த சில தவளைக் கூட்டங்களிலிருந்து பிடித்து, காலியான ஏரிகளில் விட்டார்கள். பல இடங்களில் அவை தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அழிவுச் செய்திகளுக்கு நடுவே இந்த வெற்றிக்குக் கிடைத்த கவனம் ரொம்பக் குறைவு.

தவளைக்கு மேலே மரக்கோடு. யோசெமிட்டியில் ஏறத்தாழ 2,900 மீட்டருக்கு மேல் காடு கலைந்து, காற்றில் வளைந்த குட்டை மரங்களும், தரையோடு ஒட்டிய மெத்தைச் செடிகளும் மட்டும் மிஞ்சும். அங்குள்ள முக்கிய மரம் வெண்பட்டைப் பைன். அதன் கூம்பு தானாகத் திறந்து விதையைச் சிந்தாது. கிளார்க் நட்கிராக்கர் என்ற காக்கை இனப் பறவை அலகால் பிளந்து, விதைகளை ஆயிரக்கணக்கில் மண்ணில் புதைத்து வைக்கும். தின்னாமல் விட்டவை முளைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கொப்புளத் துரு நோய், பட்டை வண்டு, கூடும் வெப்பம் எல்லாம் சேர்ந்து அடித்ததில், 2022 டிசம்பரில் இந்த மரமும் அமெரிக்கக் கூட்டரசின் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்கள் பட்டியலுக்கு வந்தது. பாறைக் குவியல்களில் வாழும் பைக்கா என்ற சிறு விலங்கு அடர்ந்த ரோமத்தோடு குளிருக்கென்றே அமைந்தது. கோடை முழுக்கப் புல் அறுத்துக் காயவைத்து, குளிர்காலத்துக்குப் போர் போட்டு வைக்கும். வெயில் ஏறினால் பாறைக்கடியில் ஒளிவதைத் தவிர அதற்கு வழியில்லை.

உண்மையில் மாறுவது என்ன

ஆகஸ்டில் வறள்வது பழைய வழக்கம் என்றால், மாற்றத்தை எங்கே பார்ப்பது? மூன்று இடங்களில்.

1. நேரம். மேற்கு அமெரிக்காவின் பனி ஊட்டும் ஆறுகள் பலவற்றில், வசந்தகால வெள்ளம் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒன்று முதல் நான்கு வாரம் வரை முந்திவிட்டது. உச்சம் முந்தினால், மண்ணில்லாத வடிநிலத்தில் கையிருப்பும் முன்பே தீரும்.

2. வடிவம். பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தால் அப்போதே ஓடிவிடும். அதைவிட மோசம், கிடக்கும் பனியின்மேல் வெதுவெதுப்பான மழை கொட்டுவது. 1997 ஜனவரித் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. மெர்செட் ஆறு பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. சாலைகளும் விடுதிகளும் சேதமாகி, பள்ளத்தாக்கு இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது.

3. உயரம். 1914 முதல் 1920 வரை ஜோசப் கிரினெல் குழு யோசெமிட்டியில் எந்த விலங்கு எந்த உயரத்தில் வாழ்கிறது என்று குறித்து வைத்தது. சாலமாண்டரைப் பிடித்த எலிப்பொறி இவர்களுடையதே. சுமார் 90 ஆண்டுகள் கழித்து அதே இடங்களில் திரும்ப ஆய்வு செய்தபோது, பார்த்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. உச்சிக்கு அருகிலேயே இருப்பவற்றுக்கு நகர இடமில்லை.

லயல் பனியாற்றையும் சொல்ல வேண்டும். பூங்காவிலேயே பெரிய பனியாறு அது. நகர்வது நின்றுவிட்டது என்று 2013இல் அறிவித்தார்கள். நகராத பனிக்கட்டியைப் பனியாறு என்று சொல்வதில்லை. செய்திகள் பலவற்றில் இதையும் யோசெமிட்டி அருவியையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறார்கள். லயல் பனி உருகி ஓடுவது டுவாலமி ஆற்றுக்கு. யோசெமிட்டி ஓடைக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் வராது.

அடுத்த முறை படம் வரும்போது

படத்தின் மாதத்தைப் பாருங்கள். ஆகஸ்டு, செப்டம்பர் என்றால் அதில் செய்தி இல்லை. ஜூன் தொடக்கத்திலேயே வறண்டிருந்தால் செய்தி. பிப்ரவரியில் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு வழிவதுபோல் தெரிந்தால், அது யோசெமிட்டி அருவியே அல்ல. எல் கேபிட்டனின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹார்ஸ்டெயில் அருவி. மாலை வெயில் சரியான கோணத்தில் படும் பத்து நிமிடக் காட்சி. உண்மையாகவே மலையிலிருந்து தணலைத் தள்ளிவிட்டு வேடிக்கை காட்டும் வழக்கமும் இங்கே ஒரு காலத்தில் இருந்தது. 1968 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம், அந்த ஆண்டின் ஏப்ரல் 1 பனி அளவைத் தேடிப் பாருங்கள். கலிபோர்னியாவின் நீர்வளத் துறை ஆண்டுதோறும் அந்த வாக்கில், மலையில் கிடக்கும் பனியை உருக்கினால் எவ்வளவு நீர் என்று கணக்கிட்டு வெளியிடுகிறது. 2015இல் அது மாநிலச் சராசரியில் 5 சதவீதம். 2023இல் 237 சதவீதம். அந்த 2023 குளிர்காலத்தில் பூங்காவையே பனி மூடியதால் பிப்ரவரிக் கடைசியிலிருந்து சில வாரங்கள் யாரையும் உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் போனவர்களுக்கும் அருவி ஓடிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டு இடைவெளியில் இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள ஓடையில், ஒரே ஆண்டின் படத்தை வைத்து எந்தப் பக்கத்துக்கும் வாதாட முடியாது. அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் மே கடைசி வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்வது நல்லது. விடுமுறை ஜூலையில்தான் என்றால் நெவாடா, வெர்னல் பக்கம் போங்கள். ஏறி நடக்க முடியாதவர்களுக்கு, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பிரைடல்வெயில் இருக்கிறது.